அத்தியாயம் 7: அசையும் கேமரா, அசையாத மரம்

கேமரா துளியும் ஆடக் கூடாது என்று இதுவரை சொல்லி வந்ததற்கெல்லாம் இந்த அத்தியாயத்தில் விடுமுறை. ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை வேண்டுமென்று நகர்த்தி எடுக்கும் முறை இது. புகைப்படக்காரர்கள் சுருக்கமாக ஐசிஎம் என்பார்கள். கடலிலும் செய்யலாம், கடைத்தெருவிலும் செய்யலாம். ஆனால் கற்றுக்கொள்ளக் காட்டு மரங்களைப் போல வசதியானது வேறில்லை. மரம் ஓடாது, கோபித்துக்கொள்ளாது என்பது மட்டும் காரணமல்ல. அடிமரம் என்பது நீண்ட செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டின் போக்கிலேயே கேமராவை மேலிருந்து கீழாக நகர்த்தினால், பட்டையின் வெடிப்பு, கொடி, சருகு, புதர் எல்லாம் கரைந்துவிடும். மரத்தின் இரு விளிம்புகளும் மட்டும் அப்படியே நிற்கும். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், அந்த விளிம்புகள்தான் முதலில் காணாமல் போகும்.

இந்த முறை புதிதல்ல. வியன்னாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களிலேயே ஸ்பெயினின் காளைச் சண்டைகளை மெதுவான ஷட்டரில், வண்ணங்கள் வழிந்தோடும்படி எடுத்தார். அன்றைய கோடாக்ரோம் சுருளின் ஒளியுணர்வு இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 10 அளவுதான். மெதுவான ஷட்டர் அன்று பாதி கட்டாயம், பாதி விருப்பம். இன்று நமக்குக் கட்டாயம் ஏதுமில்லை, ஐஎஸ்ஓவை ஏற்றி எதையும் உறைய வைத்துவிடலாம். ஆகவே இப்படி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். கேமராவைக் கண்டபடி ஆட்டினால் நூற்றில் ஒன்று தேறும் என்று சொல்பவர்கள் உண்டு. தேறும்தான். அடுத்த முறை அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

மரத்தை விட்டு இடைவெளியைப் பாருங்கள்

என் அனுபவத்தில் இந்தப் படங்கள் கெடுவது கேமராவை அசைக்கும்போது அல்ல, நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது. அசைத்த பிறகு படத்தில் மிஞ்சப் போவது கோடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வண்ணப் பட்டைகளும் மட்டுமே. இரண்டு மரங்கள் ஒன்றையொன்று பாதி மறைத்து நின்றால், சாதாரணப் படத்தில் முன்னது எது, பின்னது எது என்று கண் பிரித்துக்கொள்ளும். அசைத்த படத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த கறையாகிவிடும். அதனால் மரங்களை எண்ணாமல், மரங்களுக்கு நடுவில் தெரியும் வெளியைப் பாருங்கள். எல்லா இடைவெளியும் ஒரே அகலத்தில் இருந்தால் படம் கம்பிக் கதவு மாதிரி ஆகிவிடும். மூன்று மரம் நெருக்கமாக, பிறகு ஒரு பெரிய வெளி, அதற்கப்பால் தனியாக ஒன்று: இப்படி ஏறுமாறாக இருப்பதே நல்லது. பல நேரங்களில் இரண்டடி தள்ளி நின்றாலே இந்த அமைப்பு மாறிவிடும். லென்ஸை மாற்றுவதற்கு முன் காலை மாற்றுங்கள்.

கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது இங்கே பெரிய உதவி. ஓவியர்கள் செய்வதுதான். இமை இடுக்கில் நுணுக்கங்கள் மறைந்து கரும்பட்டை, வெளிர்பட்டை, பச்சைப்பட்டை என்று மட்டும் தெரியும். அப்படிப் பார்க்கும்போது சுவையாக இல்லாத இடம், கேமராவை எப்படி அசைத்தாலும் சுவையாகப் போவதில்லை.

இன்னொன்று: ஷட்டரை அழுத்தாமல், வியூஃபைண்டரில் பார்த்தபடியே ஒரு முறை கேமராவை நகர்த்திப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சட்டத்துக்குள் என்னென்ன நுழைகிறது என்று தெரியும். மேலே துண்டு வானம், கீழே சிமெண்டுப் பாதை, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. இவை ஒவ்வொன்றும் படத்தில் நீளக் கோடாக இழுபடும்.

வானத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. அசைத்து எடுக்கும்போது சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் பல பொருட்கள் அடுத்தடுத்துக் கடந்து போகின்றன. கருப்பான பொருள் அங்கே சேர்ப்பது மிகச் சிறிது, வெளிச்சமான பொருள் சேர்ப்பது மிகப் பெரிது. எனவே வெளிச்சம் எப்போதும் இருட்டைத் தின்றுவிடும், இருட்டால் வெளிச்சத்தைத் தின்ன முடியாது. வானத்தின் எதிரே நிற்கும் மெல்லிய கிளைகள் மாயமாக மறைவது இதனால்தான். கை கொஞ்சம் பக்கவாட்டில் விலகினால் வெளிர் பின்னணி முன் நிற்கும் கரிய மரம் மெலியும், கரிய பின்னணி முன் நிற்கும் வெளிர் மரம் பருக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் கேமராத் திரையில் தெரியும் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும். இலைக்கூரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் வானத்தைச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள். 70 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையுள்ள லென்ஸ் இதற்குக் கைகொடுக்கும்.

வெளிச்சம், ஷட்டர், லென்ஸ்

மேகம் மூடிய நாள், பனிமூட்டம், மழை விட்ட அரைமணி நேரம்: இவைதான் நல்ல வேளைகள். இலைகளின் ஊடே வெயில் பொட்டுப் பொட்டாக விழும் நேரம் கண்ணுக்கு அழகு, இந்த முறைக்குப் பகை. ஒவ்வொரு பொட்டும் வெள்ளைப் புழுவாக நெளியும்.

மேகமூட்டமான காலையில் மரங்களின் கீழே ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 11 என்று வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/4 நொடிக்கு வரும். எஃப் 16 என்றால் 1/2 நொடி. ஃபில்டர் ஏதும் தேவைப்படாது. திறந்த வெயில் என்றால் கதை வேறு. ஐஎஸ்ஓ 100, எஃப் 16-இல் ஷட்டர் 1/100 நொடிக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டால்தான் 1/2 நொடிக்கு இறங்க முடியும். பத்து ஸ்டாப் ஃபில்டர் அருவிக்கும் கடலுக்கும் உதவலாம், இந்த வேலைக்கு அதிகம். ஒரே ஒரு ஃபில்டர் வாங்கப் பணம் இருந்தால் போலரைசர் வாங்குங்கள் என்பேன். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் குறைக்கும். அதோடு ஈர இலைகளின் மேல் பளபளக்கும் வானத்தின் வெண்மையை அகற்றி, அடியிலுள்ள பச்சையை வெளியே கொண்டுவரும். மழைக்குப் பிந்தைய காட்டில் போலரைசரைத் திருப்பிப் பார்த்தவர்கள் அதைக் கழற்ற மாட்டார்கள்.

எந்த ஷட்டர் வேகம் சரி? 1/30 நொடியில் எடுத்தால் படம் கை தவறி ஆடியது போலத்தான் தெரியும். பார்ப்பவர் உங்களை மன்னிப்பார், ரசிக்க மாட்டார். 1/8 முதல் 1/2 நொடி வரை நல்ல பகுதி. ஒரு நொடியைத் தாண்டினால் மரம் என்ற அடையாளமே கரையத் தொடங்கும்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. 1/8 நொடியில் வேகமாக நகர்த்தினாலும் 1/2 நொடியில் மெதுவாக நகர்த்தினாலும் கோட்டின் நீளம் ஒன்றாகவே இருக்கலாம். படங்கள் ஒன்றாக இருக்காது. காரணம் நம் கையின் இயல்பான நடுக்கம். ஆரோக்கியமான எவருடைய கையும் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை மிக நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. 1/8 நொடிக்குள் ஒரு நடுக்கம்தான் அடங்கும், அதுவும் நீளமாக இழுபட்டுக் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நொடிக்குள் பத்து நடுக்கங்கள் வந்து மரத்தின் விளிம்பில் அலை அலையாகப் பதியும். சுத்தமான, விறைப்பான கோடு வேண்டுமென்றால் குறுகிய நேரம், வேகமான கை. நீருக்குள் தெரிவது போன்ற நெளிவு வேண்டுமென்றால் நீண்ட நேரம், மெதுவான கை. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு ஷட்டரைத் தொடுங்கள்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 24 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸில் கேமராவை மேலும் கீழும் சாய்க்கும்போது, ஓரங்களில் உள்ள மரங்கள் முதலில் உள்நோக்கிச் சாய்ந்து பின்பு வெளிநோக்கி விரியும். அதனால் நடுவில் உள்ள மரம் தெளிவாகவும் ஓரத்து மரங்கள் விசிறி போலவும் பதியும். பலர் இதைக் கையின் பிழை என்று நினைத்து மாய்ந்துபோகிறார்கள். பிழை லென்ஸின் கோணத்தில். 50 மி.மீ.க்கு மேலே போனால் இது பெரிதும் குறைந்துவிடும்.

அசைக்கும் படத்துக்கு ஃபோகஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். செங்குத்தாக நகர்த்தும்போது குலைவது மேல்கீழ் நுணுக்கம் மட்டுமே. இடவல நுணுக்கம், அதாவது மரத்தின் விளிம்பு, ஃபோகஸ் சரியாக இருந்தால்தான் கூர்மையாக வரும். முக்கியமான மரத்தின் மேல் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பட நிலைநிறுத்தியை, லென்ஸில் இருந்தாலும் கேமராவில் இருந்தாலும், அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒருபக்கம் நகர்த்த அது மறுபக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

கையின் வேலை

புதிதாகச் செய்பவர்கள் கேமராவைத் தலைக்கு மேலிருந்து இடுப்புவரை தூக்கி இறக்குவார்கள். அந்த உழைப்பு வீண். 20 மீட்டர் தூரத்தில் மரம் நிற்கிறது, உங்களிடம் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவைச் சாய்க்காமல் 20 செ.மீ. கீழே இறக்கினால் சென்சாரின் மேல் பிம்பம் நகர்வது வெறும் அரை மி.மீ. அதே கேமராவை நின்ற இடத்திலேயே 5 டிகிரி சாய்த்தால் 4 மி.மீ.க்கு மேல் நகரும். ஆகவே வேலை சாய்ப்பதில் இருக்கிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கால்களைச் சற்று அகட்டி, இடுப்பிலிருந்து மெல்லக் குனியுங்கள். மணிக்கட்டை மட்டும் வளைத்தால் கேமரா பக்கவாட்டில் திருகிக்கொள்ளும், மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரியும்.

ஷட்டரை அழுத்திவிட்டு நகர்த்தாதீர்கள். நகரத் தொடங்கிய பிறகு, வேகம் சீரானதும் அழுத்துங்கள். ஷட்டர் மூடிய பிறகும் கை போய்க்கொண்டே இருக்கட்டும். கேமரா எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தின் பிம்பம் மற்றவற்றைவிட அழுத்தமாகப் பதிந்துவிடும். விரல் அழுத்தும்போது கேமரா குலுங்குகிறது என்றால் 2 நொடி டைமரை வைத்துக்கொள்ளுங்கள். அழுத்திவிட்டு நிதானமாக மேலிருந்து சாய்க்கத் தொடங்கலாம்.

இந்தத் தயக்கத்தையே ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். 1/2 நொடியில் முதல் பாதியை அசையாமல் வைத்து, மறுபாதியில் சட்டென்று நகர்த்தினால், மரத்தின் தெளிவான உருவத்தின் மேல் வண்ணம் வழிந்தது போல வரும். கோணல்மாணலான மரங்களுக்கு இது தான் கதி, பின்னால் சொல்கிறேன்.

டிரைபாட் வேண்டுமா? முக்காலியின் பக்கவாட்டுத் திருகை இறுக்கி, மேல்கீழ்த் திருகை மட்டும் தளர்த்திவிட்டுச் சாய்த்தால் பிசகில்லாத செங்குத்துக் கோடுகள் கிடைக்கும். எனக்கு அந்தப் படங்கள் சற்று உயிரற்றுத் தெரிகின்றன. கையின் சிறு விலகலில்தான் மரத்தின் விளிம்பு மென்மையாகிறது. கற்கும்போது கொஞ்ச நாள் முக்காலியில் பழகிவிட்டு, பிறகு அதை வண்டியிலேயே விட்டுவிடலாம்.

கைப்பேசியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: புரோ முறையில் ஷட்டரை 1/4 நொடிக்கு வைக்க முடிந்தால் செய்யலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் அபெர்ச்சரைக் குறைக்க வழி இல்லாததால், மங்கலான வெளிச்சத்தில் மட்டுமே சரிவரும். தானியங்கி முறையில் அது பல படங்களைச் சேர்த்து ஆட்டத்தை நீக்கவே பாடுபடும்.

எந்தக் காட்டுக்கு எந்த அசைவு

பழகுவதற்கு மலை ஏற வேண்டாம். கிழக்குக் கடற்கரையோரம் இருப்பவர்களுக்குச் சவுக்குத் தோப்பைப் போன்ற பள்ளிக்கூடம் இல்லை. மெலிந்து நேராக உயர்ந்த மரங்கள், நெருங்கிய வரிசைகள், ஊசி போன்ற பசுமை அசைவில் மெல்லிய திரையாக மாறும் அழகு. மரம் மெலிது என்பதால் கை பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் வேண்டும். வரிசைக்கு நேர் எதிரே நின்றால் மரங்கள் ஒன்றின் பின் ஒன்று மறையும். சற்றுக் குறுக்காக நில்லுங்கள். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நுழையுங்கள்.

கொடைக்கானல் பைன் காடு இந்த முறைக்காகவே நட்டது போல இருக்கும். கீழ்க்கிளைகள் இல்லாத நெடுமரங்கள், புதர் மண்டாத தரை. சரிவில் நின்றாலும் மரங்கள் நேராகத்தான் வளர்ந்திருக்கும். எனவே கேமராவின் மட்டத்தைத் தரையைப் பார்த்து அமைக்காமல் மரத்தைப் பார்த்து அமையுங்கள். பனி இறங்கும்போது முன்மரங்கள் கருப்பாகவும் பின்மரங்கள் சாம்பலாகவும் அடுக்கடுக்காக விலகும். அந்த அடுக்குகள் அசைவிலும் கலையாமல் நிற்கும். பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் ஏறினால் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஓரத்தில் நின்றாலும் படத்தில் சிவப்புத் தூண் எழும். சில நேரம் அந்தத் தூணே படத்தைக் காப்பாற்றும்.

ஊட்டிப் பக்கத்துத் தைலமரக் காடுகளில் கணக்கு தலைகீழ். பட்டை உரிந்த வெளிர் மரங்கள், பின்னே கரும்பச்சை. முன்பு சொன்னபடி வெளிர் மரம் பருக்கும் இயல்புடையது. அதனால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து, அசைவையும் குறுக்கிக்கொள்ளுங்கள். நீலகிரிக்குத் தைலமரம் வந்தது 1843-இல் என்பார்கள். பைனும் வெளியிலிருந்து வந்து நடப்பட்டதுதான். கேமராவுக்கு மிக எளிதில் வசப்படும் நேர்கோட்டுக் காடுகள் எல்லாம் மனிதன் வரிசை பிடித்து நட்டவை என்பதைப் போகப் போக நீங்களே உணர்வீர்கள்.

அந்த மலைகளின் சொந்தக் காடான சோலை நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. பாசி படர்ந்த முறுக்கு மரங்கள், குறுக்கும் நெடுக்கும் கிளைகள். செங்குத்து அசைவில் எல்லாம் பச்சைக் கூழாகிவிடும். அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்பு சொன்ன தயங்கி நகர்த்தும் முறை. மற்றொன்று, எதிர்ச் சரிவில் நின்று 200 மி.மீ. லென்ஸில் சோலையின் கூரையை மட்டும் எடுப்பது. தளிர் விடும் பருவத்தில் கூரை முழுக்கச் செம்பும் இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக இருக்கும். 1/15 நொடியில் சிறு வட்டமாகக் கேமராவைச் சுழற்றினால் அந்த நிறங்கள் திட்டுத் திட்டாக விரவி நிற்கும். மரம் தெரியாது, காடு தெரியும். இவ்வளவு பாடுபட்டும் சோலையில் நல்ல படம் கிடைப்பது அரிது. கிடைத்தால் பைன் காட்டுப் படங்கள் பத்துக்கு அது சமம்.

டாப்ஸ்லிப் தேக்குக் காடுகள் இலை உதிர்த்து நிற்கும் கோடையில் சாம்பலும் பழுப்புமாகக் கிடைக்கும். வெட்டித் தீர்க்கப்பட்ட அந்தச் சரிவுகளில் தேக்கை மீண்டும் எழுப்பிய வன அதிகாரி ஹ்யூகோ வுட் அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். ஆனைமலை புலிகள் காப்பகம் என்பதால் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுக்குப் போகலாம். செம்மணல், கரும்பனை, நீல வானம்: மூன்றே நிறம். இங்கே மட்டும் வானத்தை ஒதுக்க வேண்டாம், தனித்தனியாக நிற்கும் தடித்த பனைகள் வானத்தின் முன்னும் தாக்குப்பிடிக்கும். ஆறு ஸ்டாப் ஃபில்டர் கட்டாயம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வில்லாய் வளைந்த தாங்குவேர்கள் செங்குத்து அசைவில் உடைந்துபோகும். படகின் போக்கோடு பக்கவாட்டில் நகர்த்தினால் வேர்களும் நீரும் ஒன்றாகக் கலந்து, மேலே இலைப்பச்சை தனிப் பட்டையாக ஓடும்.

மலைக்காட்டில் ஒரு எச்சரிக்கை. கண்ணை வியூஃபைண்டரில் வைத்துத் திரும்பத் திரும்பக் குனிந்து நிமிர்பவருக்குச் சுற்றிலும் நடப்பது தெரியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வருகிறது. துணைக்கு ஒருவரை நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினியின் முன்

அசைத்து எடுத்த படம் எப்போதும் மங்கலாகவே திறக்கும். இருட்டும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கலந்து சராசரியாகிவிட்டதால் ஹிஸ்டோகிராம் நடுவில் குவிந்து கிடக்கும். ரா கோப்பாக எடுத்திருந்தால் கரும்புள்ளியையும் வெண்புள்ளியையும் இழுத்து வைத்ததுமே பாதி உயிர் வந்துவிடும். நிறச்செறிவைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். கிளாரிட்டியை ஏற்றினால் மென்மையான பட்டைகளின் ஓரத்தில் அழுக்கு விளிம்பு தோன்றும்.

சென்சார் தூசியைத் தேடிப் பிடியுங்கள். காடு முழுக்க அசைந்தாலும் தூசி சென்சாரோடு ஒட்டியே நகர்வதால் அசையாது. எஃப் 16-இல் அது இன்னும் கூர்மையாகும். வழிந்தோடும் பச்சையின் நடுவே ஒரு கரும்பொட்டு மட்டும் துல்லியமாக உட்கார்ந்திருக்கும். சாதாரணப் படத்தில் இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும் தூசிக்கு இங்கே ஒளிய இடம் இல்லை.

தேர்ந்தெடுக்கும்போது படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் இடைவெளிகளின் ஏறுமாறு தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் எடுத்த இருபது படங்களில் எது நல்லது என்று தீர்மானிக்க முடியாமல் போனால், பெரும்பாலும் எதுவுமே நல்லதில்லை. அச்சிடுவதானால் பளபளப்புத் தாளைத் தவிர்த்து மேட் தாளில், குறைந்தது 12 க்கு 18 அங்குலத்தில் போடுங்கள். சிறிய அளவில் மரத்தின் விளிம்பிலுள்ள நெளிவு தெரியாமல் போய்விடும்.